குழலிக்குப் போட்ட கருங்காலிக் கதவு

வாங்க அண்ணாச்சி, வாங்க. செருப்போடயே வாங்க, கீழே பூரா ஆணியும் சிராயும் கிடக்கு. பாப்பா உங்க மகளா? வா தாயி. அந்தப் பலகையில உக்காந்துராத, காலையிலதான் எண்ணெய் போட்டிருக்கேன், துணியில ஒட்டிக்கிடும். இந்தா முக்காலி. செல்லைப் பாத்துக்கிட்டே உக்காரு, பரவால்ல. நாங்க மரத்தைப் பத்திப் பேசப்போறோம், உனக்கு அது என்னத்துக்கு.

டீக்கடையில வழி கேட்டீங்களா? அப்ப சிரிச்சிருப்பானுவளே. "எந்த ஆசாரி? கல்யாணத்தை நிறுத்தின ஆசாரியா?"ன்னு கேட்டிருப்பானுவ. கேட்டானா இல்லியா? உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. கேட்டுட்டுப் போறான். இந்த ஆவுடையப்பன் கல்யாணத்தையும் நிறுத்தல, கருமாதியையும் நிறுத்தல. நான் ஒரு கதவு செஞ்சேன். செஞ்ச கதவு கதவா இருந்துது. அதுதான் அண்ணாச்சி என் மேல உள்ள குத்தம்.

சரி, உங்க காரியத்தைச் சொல்லுங்க. புது வீடு. நல்லது. தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம். ரொம்ப நல்லது. அதுக்கு முன்னால வீட்டை முடிக்கணும், உள் அறைக்குக் கருங்காலியில ஒரு கதவு போடணும். அப்படிச் சொல்லுங்க! இந்த வார்த்தையைக் காதால கேட்டு வருசமாச்சு. இப்ப வாரவன் எல்லாம் பிளைவுட்டு, மைக்கான்னுதான் கேக்கான். கதவு காட்டுடான்னா அட்டைப்பெட்டி மூடியைக் காட்டுதான்.

உங்க கழுத்தில கிடக்கது என்ன, கருங்காலி மாலையா? ஒரு நிமிசம் கழட்டுங்க. அட, கழட்டுங்கண்ணாச்சி, களவாண்டுற மாட்டேன். இந்தா, இந்த வாளித் தண்ணியில போடுதேன். பாத்தீங்களா, மிதக்குது. கருங்காலின்னா கல்லு கணக்கா அடியில போயி உக்காந்துக்கிடும். இது ஏதோ வேலிக்கம்புக்குச் சாயம் ஏத்தினது. மனசு கஷ்டப்படாதீங்க, ஊர்ல பாதிக் கழுத்து இப்படித்தான் திரியுது. துடைச்சுப் போட்டுக்கிடுங்க. காலர்ல மட்டும் பட்டுறாமப் பாத்துக்கிடுங்க, சாயம் இறங்கும்.

கருங்காலியைப் பத்திச் சொல்லுதேன். மரம்னா வெளியில வெள்ளை இருக்கும், உள்ளே வைரம் இருக்கும். கருங்காலிக்கு அந்த வைரம் கரிக்கட்டை கணக்காக் கருப்பு. வெள்ளையைச் செதுக்கி எறிஞ்சிட்டு வைரத்தை மட்டும் எடுக்கணும். அதான், எம்மாம்பெரிய மரமும் பலகைக்குக் கொஞ்சூண்டுதான் குடுக்கும். உலக்கை, மத்து, கைத்தடின்னு சின்னச் சாமானாச் செஞ்சதெல்லாம் அதனாலதான். அதுல ஆணி இறங்காது. சுத்தியலை ஓங்கினா ஆணி தலையைக் குனிஞ்சு கும்பிடும். ஓட்டை போட்டு மரமுளைதான் அடிச்சு இறக்கணும். உளியைத் தீட்டி ரெண்டு தட்டு தட்டினா, மறுபடி தீட்டணும். தூசி மூக்குல ஏறிச்சுன்னா தும்மித் தும்மித் துண்டெல்லாம் கரியாயிரும். "எந்த அடுப்புக்குள்ள தலையை விட்டீரு?"ன்னு எங்க வீட்டுக்காரி கேப்பா.

ஆனா இழைச்சு முடிச்சு, உப்புத்தாள் போட்டு, எண்ணெயைத் தொட்டு ஒரு துணியால தேச்சுப் பாருங்க. பாலிசு வேண்டாம், வார்னிசு வேண்டாம், அதுல முகம் பாத்து மீசை ஒதுக்கலாம். கரையான் கிட்ட வந்து மோந்து பாத்துட்டு வேற வீடு தேடிப் போயிரும். வெயிலுக்குச் சுருங்காது. மழைக்கு ஊதாது. இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. மழைக்கு ஊதாது. மொத்தக் கதையும் அதுக்குள்ளதான் கிடக்கு.

மேலத்தெருவில உமையொருபாகம் பிள்ளைன்னு ஒருத்தர். மரக் கிறுக்கு. நான் மரியாதையாத்தான் சொல்லுதேன், நானும் அந்தக் கிறுக்குதானே. அவரு எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல வீட்டுக்காரனை விசாரிக்க மாட்டாரு, தூணைத் தட்டிப் பாப்பாரு. ஒரு துட்டி வீட்டுக்குப் போயிருக்காரு, செத்தவனுக்கு மாலை போட்டுட்டு, பாடைக்குக் கட்டின மூங்கிலைத் தட்டிப் பாத்து, "இளங்கம்புவே, தாங்காது"ன்னு சொல்லியிருக்காரு. தாங்கல அண்ணாச்சி. அதை விடுங்க.

அவருக்கு ஒரே மக. குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பேரு. கூப்பிடுதது குழலின்னு. தென்காசியில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில வேலை. தங்கமான பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவளுக்குச் சங்கரலிங்கம் பிள்ளை மகனைக் கேட்டு வந்துது. அவிய ஊரு ஆத்துக்கு அந்தப் பக்கம், பெரிய கை. பழைய வீட்டை இடிச்சுட்டு மாடி வீடு கட்டிக்கிட்டிருந்தாவ. நம்மாளு மாப்பிள்ளை பாக்கப் போனாரு. போன இடத்தில என்ன பாத்தாரு? இடிச்ச வீட்டோட நாலு தூணு கொல்லையில கிடக்கு. கருங்காலித் தூணு! நாலையும் நட்டு, கொடி கட்டி, வேட்டி காயப் போட்டிருக்கானுவ. இவரு கையில இருந்த காப்பியை வச்சிட்டு ஒவ்வொரு தூணாக் கட்டிப் பிடிக்காரு. அதைப் பாத்துட்டு சங்கரலிங்கம் பிள்ளை, "சம்பந்தி, ஆசைப்பட்டா நாலையும் எடுத்துக்கிடும்"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டாரு.

அம்புட்டுதான். இவரு வீட்டுக்கு வந்து கல்யாணம் முடிவாயிருச்சுன்னாரு. அவரு சம்சாரம் பகவதியம்மா, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"ன்னு கேட்டிருக்காவ. "அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே கனம், ஒரு வெடிப்பு இல்ல"ன்னு சொன்னாராம்.

மாப்பிள்ளைப் பையன், கல்யாணத்துக்கு அப்புறம் லேப்பு கீப்பு எல்லாம் கிடையாது, எங்க வீட்டுப் பொம்பளையள் வெளியே போற வழக்கமில்லன்னு சொல்லியிருக்கான். பிள்ளை, "அதுக்கென்ன"ன்னுட்டாரு. குழலி அழுது பாத்தா, பட்டினி கிடந்து பாத்தா. பிள்ளை காதுல ஏறல. அவரு தூணுக்கு மாட்டுவண்டி வைக்கிறதா டெம்போ வைக்கிறதான்னு யோசனையில இருந்தாரு. அது அவிய குடும்ப விசயம், எனக்கு எதுக்கு. என்கிட்ட தூணு வந்துது. எனக்கு வேண்டியது அது.

சாமில்லுல போட்டு அறுத்தோம். மில்லு வச்சிருந்த மைதீன் பாய், "ஆசாரி, இது மரமா, தண்டவாளமா? என் பிளேடு பல்லு பூரா போச்சு ஓய்"ன்னு கத்துனாரு. பலகை பலகையாச் சேத்து, முளை அடிச்சு, ரெண்டு மாசம் உக்காந்து ஒத்தைக் கதவு செஞ்சேன். தலைவாசலுக்குப் போடுவோம்னேன். பிள்ளை, "வெயில் படும், கண்ணு படும், உள் அறைக்குப் போடும்"ன்னுட்டாரு.

அந்தப் பிள்ளை குழலி இருக்காளே, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்கதான் வருவா. பாப்பா உக்காந்திருக்கே, அதே முக்காலியிலதான் உக்காருவா. முகம் வாடிப் போயிருக்கும். கல்யாணப் பொண்ணுக்கு ஆயிரம் வேலை, களைப்பு இருக்கத்தானே செய்யும். ஒரு நாளு கேட்டா:

"ஆசாரி மாமா, இந்தக் கதவை உடைக்க முடியுமா?"

"கோடாலி கொண்டு வரச் சொல்லு தாயி. கோடாலிதான் உடையும்."

"வெளியே நின்னு கீலைக் கழட்டிட்டா?"

"உள்பக்கமாத் திறக்கிற கதவுக்குக் கீலு உள்ளேதான் இருக்கும். வெளியே நிக்கவன் என்னத்தைக் கழட்டுவான்? மூக்குக்கண்ணாடியைக் கழட்டலாம்."

அதைக் கேட்டதும் அந்த முகத்தில ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க. அன்னைக்குத்தான் அந்தப் பிள்ளை சிரிச்சுப் பாத்தேன். மறுநாளு மறுபடி வந்தா.

"மாமா, தாழ்ப்பாள் மேலே ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதும் தாயி."

"கீழேயும் ஒண்ணு வைங்களேன். இரும்பு வேண்டாம், அதையும் கருங்காலியிலேயே செஞ்சிருங்க."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு அண்ணாச்சி. கருங்காலிக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாளு போட்டா எடுக்காதுன்னு அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தோணியிருக்கு பாருங்க! எத்தனை பேருக்குத் தோணும்? மிச்சத் துண்டை எடுத்து, மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, செஞ்சு மாட்டிட்டேன். உள்ளே தள்ளினா 'டக்'குனு ஒரு சத்தம். கேக்கவே சொகமா இருக்கும்.

இப்ப நிலைக்கு வருவோம். நிலை நான் வைக்கலை. அதை முதல்லேயே வச்சது எம் மச்சினன் தாணுமூர்த்தி. வேப்பமரம். அதுவும் சரியாக் காயாத வேம்பு. நான் கதவை அந்த நிலையில மாட்டினப்ப ரெண்டுக்கும் நடுவில ஒரு தலைமயிரு போகாது. அப்படி இழைச்சிருந்தேன். கருங்காலி ஊதாது. ஆனா வேம்பு ஊதும். ஐப்பசியில கல்யாணம், அடைமழை. இனி நடந்ததுக்கு யாரு பொறுப்பு? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், கதையை முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

மண்டபத்தில வச்சா மழைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாவ. பிள்ளை கேக்கலை. மண்டபத்தில வச்சா கதவை எவன் பாப்பான்? வாசல்ல தகரப் பந்தல் போட்டு, வீட்டிலயே கல்யாணம். வந்தவன் எல்லாம் முதல்ல கதவைப் பாத்து, தடவிட்டுத்தான் பந்திக்குப் போறான். சங்கரலிங்கம் பிள்ளை பக்கத்திலயே நின்னு, "எங்க வீட்டுத் தூணு, எங்க வீட்டுத் தூணு"ன்னு ஒவ்வொருத்தனுக்கும் சொல்லுதாரு. நான் முன்வரிசையில உக்காந்திருக்கேன். எனக்கு வேட்டி துண்டு வச்சு மரியாதை செய்யுததாப் பிள்ளை சொல்லியிருந்தாரு.

மணையில பொண்ணு வந்து உக்காந்தா. மாப்பிள்ளை வீட்டிலேருந்து கூறைப்புடவையைத் தட்டுல வச்சுக் குடுத்தாவ. வழக்கம் தெரியுமில்லா, பொண்ணு உள்ளே போயி கூறையை உடுத்திக்கிட்டு வந்து உக்காரணும், அப்புறம்தான் தாலி. குழலி தட்டை வாங்கினா. கூட வந்த பொம்பளையள்கிட்ட, "நானே உடுத்திக்கிடுதேன்"ன்னு சொன்னா. உள்ளே போனா. கதவைச் சாத்தினா. மேளத்துக்கு நடுவிலயும் எனக்குக் கேட்டுது: டக்.

நேரம் போச்சு. ஐயரு கூப்பிட்டாரு. மறுபடி கூப்பிட்டாரு. தாய்மாமன் போயித் தட்டினாரு. உள்ளேருந்து குழலி சொல்லுதா:

"மாமா, கதவு திறக்க வரல!"

தள்ளிப் பாத்தாவ. அசையலை. நாலு பேரு சேந்து தள்ளினாவ. அசையலை. எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம், மறைக்காமச் சொல்லுதேன், பெருமை. நாலு தடியனுவ தள்ளியும் ஒரு முனகல் இல்ல!

எந்திரிச்சுப் போயி நிலையைத் தொட்டுப் பாத்தேன். ஈரம். "மழைக்கு நிலை ஊதிக் கதவை இறுக்கிப் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னேன். அப்ப என் மச்சினன் தாணுமூர்த்தி முன்னால வந்து, காதோரமாச் சொல்லுதான்:

"மச்சான், நிலை ஊதல. நல்லாப் பாரும். உள்ளே தாழ்ப்பாளு போட்டிருக்கு."

எப்படி இருக்கு பாருங்க! தான் வச்ச நிலை பச்சை மரம்னு தெரிஞ்சுரக் கூடாதுல்லா? அதுக்கு அந்தப் பிள்ளை மேல பழியைப் போடுதான். அவன் காதோரமாச் சொன்னது மாப்பிள்ளையோட சித்தப்பன் காதுல விழுந்துட்டுது. அந்த ஆளு பந்தலே கேக்கிற மாதிரிக் கத்துதான். "பொண்ணு வேணும்னே உள்ளே பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கா! பொண்ணுக்கு இஷ்டமில்ல போல! என்னவே, எங்களைக் கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதீயளா?"

உமையொருபாகம் பிள்ளை முகம் செத்துப் போச்சு. "ஏட்டி குழலி, தாழ்ப்பாளு போட்டிருக்கியா?"ன்னு கேட்டாரு. அந்த நேரத்தில எனக்கு வந்துது பாருங்க ஒரு ஆவேசம். ஒரு பச்சைப் பிள்ளை மேல அபாண்டம் சொன்னாப் பொறுக்குமா? விறுவிறுன்னு மணைக்கு முன்னாலே போயி, குத்துவிளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். "இது தாழ்ப்பாளு இல்ல! இது என் இழைப்பு! என் உளி மேல ஆணை, இந்தக் கதவு இறுகினதுக்கு நான்தான் காரணம். அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிரும்!"

அதுக்கு மேல எவன் வாயைத் திறப்பான்? உள்ளேருந்து குழலி, "ஆமா ஆசாரி மாமா, நானும் இழுத்து இழுத்துப் பாக்கேன், வரவே மாட்டேங்குது மாமா"ன்னு சொல்லுதா. குரலு கிடந்து நடுங்குது. மூச்சு விக்கி விக்கி வருது. பாவம், என்னமா அழுதிருக்கும்.

பகவதியம்மா கதவு முன்னால உக்காந்து ஒப்பாரி வச்சாவ. பெத்த வயிறு. ஆனா அதிர்ச்சியில கண்ணீரே வரல, கண்ணு வறண்டு கிடக்கு. நடுவில எந்திரிச்சுப் போயி எனக்கு ஒரு காப்பி கொண்டாந்து குடுத்தாவ. "அண்ணாச்சி, நீங்க அவசரப்படாதீங்க, மெதுவாப் பாருங்க. மரத்துக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது"ன்னாவ. அந்த நிலைமையிலயும் மரத்தை நினைச்சாவ பாருங்க, அதுதான் அந்தக் குடும்பம். கொல்லைப்பக்க ஜன்னல் வழியா மகளுக்கும் இட்லி குடுத்தாவளாம். ஜன்னல்ல கம்பி, ஆளு நுழைய முடியாது, இட்லி நுழையும்.

மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தன் கோடாலியைக் கொண்டாந்தான். "போடாதே"ன்னேன். கேக்கல. ஓங்கி ஒரு போடு. கோடாலி எகிறி, பக்கத்தில இருந்த சந்தனக் கும்பாவில விழுந்து, சந்தனம் பூரா வாத்தியக்காரர் மூஞ்சியில. கதவுல ஒரு கீறல், நகக்கீறல் அம்புட்டுதான். இன்னைக்கும் இருக்கு, காட்டுதேன். கோடாலி வாய் மடங்கிட்டுது. நான் சொன்னேன்லா?

கடப்பாரையைத் தேடினாவ. முந்தின நாளு பந்தக்கால் ஊன எடுத்த கடப்பாரையைக் காணோம். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கல. மறுவாரம் நெல்லுக் குதிருக்குள்ள இருந்துது. எந்தப் பயலோ எடுத்துப் போட்டிருக்கான். கல்யாண வீடுன்னா சாமானு கண்ட இடத்தில கிடக்கத்தானே செய்யும்.

மாப்பிள்ளை மணையை விட்டு எந்திரிச்சு வந்தான். சரிகை வேட்டி, முகமெல்லாம் வேர்வை. கூட நிக்கிறவனுவளைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதான்: "விடுங்கடே. எங்க வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளேதானே இருக்கப் போறா. இப்பவே பழகிக்கிடட்டும்."

அவனுவ எல்லாம் சிரிச்சானுவ. கொஞ்ச நேரம் கழிச்சு, கதவோட அடிப்பக்கத்திலேருந்து கேட்டுது: டக்.

"கேட்டீங்களா?"ன்னு நான் சொன்னேன். "மரம் இன்னும் இறுகுது."

முகூர்த்தம் தாண்டப் போகுது. ஐயரு விரலை மடக்கிக்கிட்டே இருக்காரு. சங்கரலிங்கம் பிள்ளை சொன்னாரு, "சம்பந்தி, சுவரை இடிச்சு நிலையோட பேத்து எடுத்துருவோம். வேற வழியில்ல."

உமையொருபாகம் பிள்ளை பதறிட்டாரு. "சுவரை இடிச்சா நிலை ஆடும். நிலை ஆடினா கதவு கோணிரும் சம்பந்தி!"

"என்னவே பேசுதீரு? உமக்குக் கல்யாணம் முக்கியமா, கதவு முக்கியமா?"

எந்தத் தகப்பனும் இதுக்குச் சட்டுனு பதில் சொல்லுவான். நம்ம பிள்ளையும் சொல்லியிருப்பாரு. ஆனா மனுசன் யோசிச்சாரு அண்ணாச்சி. வாயைத் திறந்தாரு, மூடினாரு, கதவைப் பாத்தாரு, சம்பந்தியைப் பாத்தாரு, மறுபடி கதவைப் பாத்தாரு. அம்புட்டு சனமும் அவரு வாயையே பாத்துக்கிட்டு நிக்கி. "ஒரு பக்கமா மட்டும் இடிச்சா..."ன்னு இழுத்தாரு.

அந்த இழுப்புலதான் காரியம் கெட்டுது. "இந்த வீட்டில பொண்ணு எடுத்தா எங்களையும் தட்டித் தட்டிப் பாப்பாரு! எந்திரிங்கடே!"ன்னு சங்கரலிங்கம் பிள்ளை துண்டை உதறித் தோளில போட்டாரு. வேன்ல ஏறினாவ. போயிட்டாவ. பாதிப் பேரு சாப்பிட்டுட்டுத்தான் போனான், அதையும் சொல்லணும்.

வேன் சத்தம் தெருமுனை தாண்டிச்சு. மழை விட்டு, இத்துனூண்டு வெயில் எட்டிப் பாத்துது. கதவுலேருந்து ஒரு 'டக்'. இன்னொரு 'டக்'. அப்புறம் கதவு தானாத் திறந்துது. பூ மாதிரி. ஒத்தை விரலால இழுத்த மாதிரி. நான் எல்லாரையும் பாத்துச் சொன்னேன், "பாத்தீங்களா, வெயில் பட்டதும் நிலை சுருங்கிட்டுது!" தாணுமூர்த்தி தலையில அடிச்சுக்கிட்டுப் போனான். உண்மை சுடும்ல.

குழலி வெளியே வந்தா. லேப்புக்குப் போற பருத்திச் சேலையில நிக்கா. கூறைப்புடவை தட்டுலயே இருக்கு, வந்த மடிப்பு கலையாம. பாருங்க, கதவு திறக்காதுன்னு தெரிஞ்சதும், அடுத்தவன் வாங்கின புடவை கசங்கக் கூடாதுன்னு எடுத்துப் பத்திரமா வச்சிருக்கு. அந்தப் பொறுப்பு எத்தனை பிள்ளைக்கு வரும்? நேரா என்கிட்ட வந்தா. எல்லாரும் என்னைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு நிக்காவ, அந்தப் பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிட்டுது. "உங்க சத்தியத்தை மறக்க மாட்டேன் மாமா"ன்னா. எனக்கு அழுகை வந்துட்டுது.

மறுவாரம் சங்கரலிங்கம் பிள்ளை ஆளனுப்பித் தூணைத் திருப்பிக் கேட்டாரு. எங்கே போக? தூணு கதவாயிட்டுது. கதவையாவது கழட்டித் தாரும்னு வந்தானுவ. தூக்கிப் பாத்தானுவ. ஒருத்தனுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டுது. கூறைப்புடவையை மட்டும் வாங்கிட்டுப் போயிட்டானுவ.

உமையொருபாகம் பிள்ளை என்கிட்ட ரொம்ப நாளு பேசல. ஊரும் பேரு வச்சுட்டுது. புதுக் கதவுக்கு எவனும் வரல. தாணுமூர்த்தியும் நானும் இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. எங்க வீட்டுக்காரியே, தம்பி பக்கம் சாஞ்சுக்கிட்டு, "உங்களைத் தவிர ஊருக்கே தெரியும்"னு சொல்லுதா. என்ன தெரியும்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குள்ள போயிருதா. ரத்தபாசம், விட்டுக் குடுப்பாளா?

ஆனா தெய்வம் இருக்கு. ரெண்டு வருசம் கழிச்சு அந்தக் குழலிக்குக் கல்யாணம். கூட வேலை பாக்கிற பையன், அவளே பாத்தது. அதே வீடு, அதே பந்தல், அதே ஐப்பசி. முதல் தடவையைவிடப் பேய்மழை. என்னை வீட்டுக்கே வந்து கூப்பிட்டா. கூறையை வாங்கிட்டு உள்ளே போனா. நான் கண்ணை மூடிட்டேன். கண்ணைத் திறக்கதுக்குள்ள வெளியே வந்து நிக்கா! அவ்வளவு விரசலா எந்தப் பொண்ணும் கூறை உடுத்தி நான் பாத்ததில்ல. கதவு சிக்கவே இல்ல அண்ணாச்சி. அந்த அடைமழையில! நிலை அதுக்குள்ள பக்குவப்பட்டுட்டுது. நல்ல கதவு பக்கத்தில இருந்து இருந்து, கெட்ட நிலையும் திருந்திக்கிடும் போல.

தாலி கட்டி முடிஞ்சதும், அவிய அப்பாவுக்கு முன்னாலயே எனக்குத்தான் வேட்டி துண்டு. மாப்பிள்ளைகிட்ட, "இவருதான்"னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. அந்தப் பையன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். மரத்தோட அருமை தெரிஞ்ச பையன். பிள்ளையும் அன்னைக்கு என்கிட்டப் பேசினாரு. "ஆசாரி, கதவு இம்மிகூடக் கோணல வேய்"னாரு. அதுபோதும் எனக்கு.

இப்பச் சொல்லுங்க. அந்தக் கதவைப் போய்ப் பாத்துட்டு வருவோமா? உங்க வீட்டுக்கும் அப்படியே செஞ்சிரலாம். கல்யாணம் வேற தையில, அப்ப மழை இருக்காது, பயமே வேண்டாம். என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி ஆயிட்டுது? பிளைவுட்டே போதுமா? அட, இம்புட்டு நேரம் சொன்னது என்னத்துக்கு?

என்ன தாயி? செல்லை எப்ப வச்சே நீ? கதையையா கேட்டுக்கிட்டு இருந்தே? கேளு, கேளு, அப்பாவைப் பாக்காதே, என்கிட்டக் கேளு.

கீழேயும் ஒரு தாழ்ப்பாளா?

பாருங்க அண்ணாச்சி! யாரும் சொல்லிக் குடுக்கல, தானாக் கேக்குது! இது அந்தக் குழலி மாதிரி, மரம் தெரிஞ்ச பிள்ளை. வச்சிருவோம் தாயி, கருங்காலியிலேயே வச்சிருவோம். உக்காருங்கண்ணாச்சி, எதுக்கு எந்திரிச்சுட்டீங்க? பாப்பா எந்திரிக்கலையே. காப்பி வருது, உக்காருங்க.